பதினாறு அங்குலத் தொடுதிரை மடிக்கணினி வாங்கப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திரையைப் பின்பக்கமாக முழுவதும் மடித்து டேப்லெட் மாதிரி ஆக்கிக்கொள்ளும் "டூ-இன்-ஒன்" என்ற பெரிய தொடுதிரை மடிக்கணினிகளைப் பற்றி உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ப்ராசசர் எது, ரேம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அதை வாங்கி வீட்டில் வைத்துத் தினமும் புழங்கப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகளை அது தொடவே இல்லை. "லேப்டாப்பும் டேப்லெட்டும் ஒரே பொருளில்" என்று கடைக்காரர் சொல்வதையே கட்டுரையும் சொல்லி முடித்துவிட்டது. பதினாறு அங்குலத்தில் அந்தப் பேச்சு பாதிதான் உண்மை. நாலாயிரம், ஐயாயிரம் வெள்ளி (ரிங்கிட்) போட்டு வாங்குகிற குடும்பங்களுக்கு மீதிப் பாதியையும் யாராவது சொல்லியாக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பினாங்கு குளுகோரில் குடியிருப்பவள். லெபோ பசார் பக்கத்துச் சின்னக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிற்கப் போகிறது என்று தெரிந்ததும், எங்கள் பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காது என்பதால், புதியது வாங்கியே தீர வேண்டிய நிலை. இப்படி வாங்கிய வீடுகள் நம் நாட்டில் எங்கள் வீடு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். 16 அங்குல டூ-இன்-ஒன் ஒன்றை எடுத்தோம். காலையில் அப்பா அதில் பத்திரிகை படிப்பார், பகல் முழுக்க என் கணக்கு வேலை, மாலைக்கு மேல் ஐந்தாம் படிவம் படிக்கும் மகனுடையது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப் போவதில் பெரும்பகுதி இந்த வகைக்கே பொதுவானது.

முதலில் எடையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையில் அது தெரியவே தெரியாது. மேசைமேல் கம்பி போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள், நாமும் திரையை இரண்டு தடவு தடவிவிட்டு அழகாக இருக்கிறது என்று நகர்ந்துவிடுவோம். 16 அங்குல டூ-இன்-ஒன் என்றால் ஒன்றரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ வரை வரும், சிலது அதையும் தாண்டும். இலேசானது என்று பேர் வாங்கிய 'எல்ஜி கிராம்' என்ற மாதிரி ஒன்றரைக் கிலோ அளவில் நிற்கிறது, ஹெச்பி ஸ்பெக்டர் எக்ஸ்360இன் 16 அங்குல மாதிரி இரண்டு கிலோவை ஒட்டி இருக்கிறது. சாதாரண பத்து, பதினோரு அங்குல டேப்லெட் அரைக் கிலோ சுமார்தான். மூன்று மடங்கு, நான்கு மடங்கு வித்தியாசம். சோபாவில் சாய்ந்துகொண்டு ஒரு கையில் பிடித்து மறுகையால் திரையைத் தள்ளுவதெல்லாம் விளம்பரப் படத்தோடு சரி. கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டு கேட்க ஆரம்பித்துவிடும், அப்புறம் மடியில் இறக்கி வைப்போம், மடியில் வைத்தால் கழுத்தை வளைக்க வேண்டும். போதாததற்கு, பின்னால் மடித்தபின் கீழ்ப்பக்கம் விரலில் படுவது கீபோர்டு. விண்டோஸ் அதை அணைத்துவிடுவதால் எழுத்து ஒன்றும் விழாது, ஆனால் விரலுக்கடியில் பொத்தான்கள் அமுங்கிக்கொண்டே இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் இதுவரை பழகவில்லை.

2012இல் லெனோவா யோகா என்ற பெயரில் இந்த 360 பாகைக் கீலைக் கொண்டுவந்தபோது திரை 11 அங்குலம், 13 அங்குலம்தான். கையில் எடுத்துப் படிக்கலாம் என்ற யோசனை அந்த அளவுக்கு ஒருமாதிரி பொருந்தியது. அதே கீலை 16 அங்குலத்துக்குப் போட்டதும் அந்தப் பொருளின் வேலையே வேறாகிவிட்டது, விற்கிறவர்களின் பேச்சு மட்டும் மாறவில்லை.

பின்னே எதற்கம்மா வாங்கினீர்கள் என்று கேட்கலாம். மேசைக்காக வாங்கினோம். இந்த வகைக் கணினி மேசையில் செய்கிற வேலையை வேறு எதுவும் இவ்வளவு நன்றாகச் செய்வதில்லை என்பது என் உறுதியான கருத்து, அதனால்தான் அதைத் தவறான காரணம் சொல்லி விற்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

செங்குத்தாக நிற்கும் திரையைத் தொட்டுத் தொட்டு வேலை செய்ய முடியாது. கை அந்தரத்திலேயே நிற்கும், தோள் வலிக்கும். ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010இல் இதே காரணத்தைச் சொல்லித்தான் மடிக்கணினிக்குத் தொடுதிரை சரிப்படாது என்றார். அவர் சொன்னது நிமிர்ந்து நிற்கும் திரைக்குப் பொருந்தும். கீலைத் திருப்பித் திரையை மேசையோடு படுக்க வைத்தாலோ, கொஞ்சம் சாய்த்து வைத்தாலோ அந்தப் பிரச்சினை போய்விடுகிறது, முழங்கை மேசைமேல் இருக்கும், விரல் மட்டும் வேலை செய்யும். ஆக தொடுதிரை வேண்டும் என்றால் மடியும் கீலும் வேண்டும். மடியாத மடிக்கணினியில் தொடுதிரைக்கென்று கூடுதல் பணம் கொடுப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

திரையின் வடிவத்தைப் பற்றி யாருமே எழுதுவதில்லை, அதுதான் முக்கியமே. அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது. பழைய வழக்கப்படி 15.6 அங்குலம், 16க்கு 9 என்ற அகலத் திரை எடுத்தால் அகலம் 34.5 சென்டிமீட்டர், உயரம் 19.4தான். இப்போது வருகிற 16 அங்குலம், 16க்கு 10 திரையில் அகலம் அதே 34.5, உயரம் 21.5. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், நீளம் 29.7. திரையை மடித்து நெட்டுவாக்கில் திருப்பினால் ஒரு முழு ஏ4 தாள் அசல் அளவிலேயே அதில் உட்காரும், மேலே கீழே பொத்தான் வரிசைக்கும் இடம் மிஞ்சும். 19.4 சென்டிமீட்டரில் அது நடக்காது, தாளைச் சுருக்கித்தான் காட்டும். வங்கி அறிக்கை, பள்ளிப் பயிற்சித் தாள், அரசாங்கப் பாரம், கோயில் அழைப்பிதழ் என்று நம் வாழ்க்கையில் வரும் காகிதம் பெரும்பாலும் ஏ4 அளவில்தான் வருகிறது. பெரிய திரை டூ-இன்-ஒன் எடுப்பதற்கு என்னிடம் கேட்டால் முதல் காரணம் இதுதான்.

அப்பாவைப் பார்த்தால் இது புரியும். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர், இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. கைப்பேசியில் தமிழ் படிக்க மாட்டேன் என்பார், காரணமும் சரியான காரணம்: சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி தெரிவதில்லை, இகரக் குறியும் ஈகாரக் குறியும் ஒன்றுபோல் இருக்கின்றன, படித்த வரியையே இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் திரையில் நெட்டுவாக்கில் உங்கள் பத்திரிகையின் ஒரு பக்கத்தை முழுதாக வைத்துத் தலைப்புகளைப் பார்த்துக்கொண்டு போவார், வேண்டிய இடத்தில் இரண்டு விரலை விரித்தால் பத்தி பெரிதாகிவிடும். மௌஸ் பிடிக்கத் தெரியாதவர், விரலை விரிப்பது மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்துவிட்டது. மரண அறிவிப்புப் பக்கத்தில் இருக்கும் சின்னப் படத்தைப் பெரிதாக்கி, பட்டர்வொர்த்தில் தன்னோடு வேலை பார்த்தவரா என்று உற்றுப் பார்ப்பார். அந்த வயதில் உள்ளவர்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று வீட்டில் பெரியவர்களை வைத்திருக்கிற வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நெட்டுவாக்கில் இது தானாக நிற்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். பாதி திறந்து விளிம்பில் நிறுத்தலாம், நிற்கும், ஆனால் சார்ஜர் செருகும் துளைகள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன, வயர் மாட்டியிருந்தால் நிறுத்தவே முடியாது, மேசையில் மணல் துகள் கிடந்தாலும் உலோகம் கீறிவிடும். நாங்கள் முழுக்க மடித்து, தேவாரப் புத்தகம் வைத்துப் பாட வாங்கிய மரத் தாங்கியில் சாய்த்து வைக்கிறோம். தாங்கிக்குத் தனியாகக் காசு ஒதுக்கிக்கொள்ளுங்கள், இரண்டு கிலோ தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

பேனாவுக்கு வருகிறேன். மகனுக்குக் கூடுதல் கணிதமும் இயற்பியலும். ஆசிரியர் அனுப்பும் பயிற்சித் தாள் பிடிஎஃப் கோப்பாக வரும், அதை அச்செடுத்து, எழுதி, படம் பிடித்து, திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது தாளை அசல் அளவில் திரையில் போட்டு அதன் மேலேயே எழுதுகிறான், சமன்பாடு நீண்டால் பக்கவாட்டில் இடம் இருக்கிறது, தப்பாகப் போனால் அந்த வரியை மட்டும் அழிக்கிறான். உள்ளங்கையைத் திரையில் ஊன்றி எழுதினாலும் கையின் தொடுதலை அது கணக்கில் எடுப்பதில்லை. சின்னத் திரைப் பேனாக் கணினிகளில் நான் பார்த்தவரை பிள்ளைகள் நாலு வரி எழுதியதும் பக்கத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது, கணக்கின் முதல் வரி கண்ணை விட்டுப் போய்விடுகிறது. பெரிய திரையில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே கடைகளில் நடக்கும் ஒரு குளறுபடியை விளக்கமாகச் சொல்ல வேண்டும். எல்லாப் பேனாவும் எல்லாத் திரையிலும் எழுதாது. மைக்ரோசாஃப்டின் முறையில் இயங்குபவை ஒரு வகை, வாக்கம் நிறுவனத்தின் ஏஇஎஸ் முறை இன்னொரு வகை, சாம்சங்கின் எஸ் பென் மூன்றாவது வகை. சாம்சங் பேனா எழுதுவதற்குப் பேட்டரியே வேண்டாம், திரையிலிருந்தே சக்தி எடுத்துக்கொள்ளும். மற்றவற்றில் சிலதுக்கு யுஎஸ்பி-சி சார்ஜ், சிலதுக்கு ஏஏஏஏ என்று நான்கு ஏ போட்ட மெல்லிய பேட்டரி, நம் மளிகைக் கடையில் கிடைக்கும் மூன்று ஏ பேட்டரி அதற்குள் போகாது. சில பேனாக்கள் முதல் இரண்டு முறையிலும் வேலை செய்யும்படி வருகின்றன. ஒரு கடையில் என்னிடம் "எந்தப் பேனாவும் ஓடும் அக்கா" என்று அந்தத் தம்பி உறுதியாகச் சொன்னார். அப்படியானால் எடுத்துவந்து இதே திரையில் எழுதிக் காட்டுங்கள் என்றேன், கோடு விழவில்லை. பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறதா, வரவில்லை என்றால் எது பொருந்தும், அதன் விலை என்ன என்று காசு கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டு, அங்கேயே ஒரு வரி தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழ் என்று ஏன் சொல்கிறேன் என்றால் நம் எழுத்தில் வளைவு அதிகம், மெதுவாகச் சுழித்து எழுதும்போது கோடு நடுங்கினால் உடனே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தால் அது தெரியாது.

கண்ணாடியில் பேனா வழுக்கும். மங்கலான ஒட்டுத்தாள் ஒட்டினால் காகிதத்தில் எழுதுகிற மாதிரி கொஞ்சம் பிடிமானம் வரும், ஆனால் எழுத்து மினுமினுப்பாக, மணல் தூவியது போலத் தெரியும். மகன் ஒட்டச் சொன்னான், அப்பாவின் கண்ணுக்காக நான் ஒட்டவில்லை.

என் வேலையில் இது எங்கே உதவுகிறது என்றால் கடைக்காரர் முன்னால். உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் (மின்னியல் விலைப்பட்டியல்) முறை 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிக் கட்டம் கட்டமாகக் கீழே இறங்கி வந்தபோது, சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் ஒரே கலக்கம். நமக்கு உண்டா இல்லையா, எந்த விற்பனைக்கு எப்படிப் போடுவது, மாதக் கடைசியில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முன்பெல்லாம் நான் கணினியைத் திருப்பித் திருப்பிக் காட்டுவேன், அவர்கள் கல்லாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். இப்போது திரையைக் கூடாரம் போல மடித்துக் கல்லாமேல் அவர்களை நோக்கி நிறுத்திவிடுகிறேன். மசாலைக் கடை அண்ணன் ஒருவர் விரலை வைத்து வரி வரியாக இறங்கி, "இந்த முந்நூற்று எண்பது என்னம்மா, நான் ரொக்கம் கொடுத்ததாச்சே" என்று நிறுத்தினார். அவர் சொன்னது சரி, சப்ளையர் பில்லை இரண்டு முறை அனுப்பியிருந்தார். கணக்கு யாருடையதோ அவர் அதை நேராகப் பார்க்க வேண்டும், விரல் வைத்துக் கேட்க வேண்டும். பதினாறு அங்குலத்தில்தான் அது கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கும் படிக்கிற அளவில் தெரிகிறது.

இதே கல்லாவில்தான் இதன் பெரிய குறையும் தெரிந்தது. தொடுதிரை என்றால் மேலே பளபளக்கும் கண்ணாடி. லெபோ பசாரில் கடை வாசலை ஒட்டி, அஞ்சடி என்கிற கடைமுன் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தால் எதிர்த்தெரு வெயிலும் தலைக்கு மேலே குழல் விளக்கும் திரையில் அப்படியே விழுகின்றன. கறுப்புப் பின்னணி வைத்திருந்தால் என் முகம்தான் தெரியும். பிரகாசத்தை முழுக்க ஏற்ற வேண்டும், ஏற்றினால் பேட்டரி இறங்கும். அதனால் கடையில் கேட்க வேண்டிய எண் இது: திரையின் பிரகாசம் எத்தனை நிட். 300 நிட் என்றால் வீட்டுக்குள் போதும், வாசலுக்கு ஆகாது. 400, 500 இருந்தால் நம் ஊர் வெளிச்சத்தைத் தாக்குப் பிடிக்கும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், படம் பார்க்க அருமை, ஆனால் ஒரே படிவத்தை மணிக்கணக்கில் திறந்து வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அசையாத கோடுகள் காலப்போக்கில் திரையில் படிந்துபோகும் வாய்ப்பு அதில் உண்டு, அதனால் நான் பின்னால் விளக்கு உள்ள ஐபிஎஸ் வகைத் திரையையே எடுத்தேன்.

கீலை எப்படிச் சோதிப்பது என்று எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை. சாதாரண மடிக்கணினி நிலையில் திறந்து வைத்துத் திரையின் மேல் மூலையை விரலால் தட்டுங்கள். உடனே அடங்கிவிட வேண்டும். ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருந்தால் அந்தக் கீல் அந்தத் திரையின் எடைக்குப் போதாது, நாளாக நாளாக இன்னும் தளரும். கூடாரமாக நிறுத்திவிட்டுத் தட்டுங்கள், கால் சறுக்கி விரிகிறதா பாருங்கள். ஒரு பாட்டை ஓடவிட்டு நாலு நிலையிலும் மடித்துக் கேளுங்கள்; ஒலிபெருக்கி அடிப்பக்கம் இருக்கும் மாதிரிகளில் மடித்து மேசையில் வைத்ததும் குரல் அமுங்கிப் போகிறது. எங்கள் கணினி முழுக்க மடித்துப் படுக்க வைத்து மணிக்கணக்கில் ஓடினால் கீல் ஓரம் சூடேறும், கொஞ்சம் தூக்கி வைத்தால் சரியாகிவிடும்.

எண் பொத்தான்கள் தனியாக உள்ள கீபோர்டு வேண்டுமா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. எனக்கு அது இல்லாமல் முடியாது. கட்டுரை, கடிதம் எழுதுகிறவர்களுக்கு அது இடைஞ்சல், ஏனென்றால் எழுத்துப் பகுதி இடதுபக்கம் தள்ளிப் போய்விடும், உடம்பைத் திருப்பி உட்கார வேண்டியிருக்கும். 16 அங்குலத்திலும் சில மாதிரிகளில் அது இருக்காது, படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தமிழ்த் தட்டச்சு பற்றி உங்கள் பத்திரிகைதான் முதலில் எழுதியிருக்க வேண்டும். தமிழ் எழுதும் மென்பொருளான முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர், கணினியில் தமிழ் எழுதும் விஷயத்தில் மலேசியர்களுக்கு நீண்ட தொடர்பு உண்டு. ஆனாலும் இங்கே விற்கும் மடிக்கணினியின் பொத்தான்களில் நான் பார்த்தவரை தமிழ் எழுத்து இல்லை. தமிழ்99 என்ற விசை அமைப்பு தெரிந்தவர்களுக்குக் கவலையில்லை, தெரியாதவர்களுக்கு அது பெரிய சுவர். தொடுதிரையில் அந்தச் சுவர் இல்லை. விண்டோஸில் தமிழைச் சேர்த்துவிட்டால் திரையிலேயே தமிழ் எழுத்துகளோடு விசைப்பலகை தோன்றும், பெரிய திரையில் எழுத்துகளும் பெரிதாக வரும். அப்பா ஒற்றை விரலால் தன் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் தமிழிலேயே பதில் எழுதுகிறார், மெதுவாகத்தான், ஆனால் யாரையும் கூப்பிடாமல். குறை என்னவென்றால் குறுக்குவாக்கில் அந்த விசைப்பலகை திரையில் பாதியை விழுங்கிவிடும், எழுதுகிற இடம் சில நேரம் அதன் பின்னால் மறைந்துவிடும். நெட்டுவாக்கில் வைத்தால் அந்தச் சங்கடம் குறைவு. நீளமாக எழுத வேண்டும் என்றால் மடிக்காமல் அசல் கீபோர்டிலேயே எழுதுவதுதான் வழி.

தூக்கிக்கொண்டு போவது பற்றி ஒரே வார்த்தை: பேருந்தில் தினமும் போய் வருகிறவர்கள், குறிப்பாகக் கல்லூரிப் பிள்ளைகள், இதை எடுக்க வேண்டாம். 14 அங்குலம் போதும். கணினி, உறை, சார்ஜர், பேனா எல்லாம் சேர்ந்தால் பை கனக்கும், 16 அங்குலம் நுழையாத பைகளும் உண்டு. நான் வாரத்தில் சில நாள்தான் எடுத்துப் போகிறேன், அதுவே தோளுக்குத் தெரிகிறது. யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறும் மாதிரியாகப் பார்த்து எடுத்தால் கைப்பேசிக்கும் அதே சார்ஜர் ஆகும்.

பழுது பற்றியும் விலை பற்றியும் கொஞ்சம் கறாராகவே எழுத வேண்டியிருக்கிறது. இந்தத் திரைகளில் மேல் கண்ணாடியும் உள்ளே இருக்கும் திரையும் பெரும்பாலும் ஒன்றாக ஒட்டி வருகின்றன. கண்ணாடியில் விரிசல் விழுந்தால் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியாது, முழுத் திரையையும் மாற்ற வேண்டும், சாதாரணத் திரையைவிட அது நிறையச் செலவு. ரேம் பலவற்றில் பலகையோடு பற்றவைத்து வருகிறது, பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை, அதனால் 8 ஜிபியில் வாங்காதீர்கள், 16ஆக எடுத்துவிடுங்கள். எங்கள் கணினியின் வலதுபக்கக் கீல் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே கிறீச்சிட ஆரம்பித்து, மடிக்கும்போது திரையின் கீழ்ச் சட்டம் லேசாகப் பிரிந்தது. எடுத்துப் போனால், அடிக்கடி மடித்ததால் வந்த தேய்மானம், உத்தரவாதத்தில் சேராது என்றார்கள். மடிப்பதற்கென்றே கூடுதல் விலை வாங்கிய பொருளை மடித்ததால் கெட்டது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், அது விற்கிறவரின் பொறுப்பு என்று எழுத்தில் கொடுத்து, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன் என்றதும் மாற்றிக் கொடுத்தார்கள். தீர்ப்பாயத்தில் மனு போட ஐந்து வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாக இதையெல்லாம் தமிழிலும் சொல்லி வந்திருக்கிறது, ஆனாலும் கடைக்கு முன்னால் நிற்கும்போது நம் ஆட்கள் "சரி விடுங்கள்" என்று திரும்பிவிடுகிறார்கள். விடாதீர்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய கணினி என்றால் வருமான வரிக் கணக்கில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளிக்குள் அதையும் காட்டலாம், அதற்கும் அந்த ரசீதுதான் வேண்டும்.

ஆக, யார் வாங்கலாம் என்று என்னைக் கேட்டால்: வீட்டில் ஒரு நிரந்தர மேசை இருந்து, பேனாவால் எழுதும் பிள்ளையோ, பெரிய எழுத்தில் படிக்க விரும்பும் பெரியவரோ, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குக் காட்டி விளக்கும் தொழிலோ இருந்தால் தாராளமாக வாங்கலாம், கொடுக்கிற காசுக்குக் குறைவில்லை. படம் பார்க்க, மின்னஞ்சல் பார்க்க, அலுவலக வேலை செய்ய மட்டும் என்றால் மடியாத 16 அங்குலமே போதும், மிச்சமாகும் பணத்தில் நல்ல ரேமும் பெரிய எஸ்எஸ்டி சேமிப்பகமும் வாங்கிவிடலாம். படுத்துக்கொண்டு படிக்கத்தான் ஆசை என்றால் தனியாகச் சின்ன டேப்லெட் ஒன்று வாங்குங்கள்.

ஆசிரியர் அவர்களே, 1972இல் இன்டெல் பாயான் லெப்பாசுக்கு வந்த காலத்திலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பெண்கள் ஷிஃப்டு முறையில் சிப்பும் பலகையும் பொருத்தி வளர்ந்த தீவு இது. எங்களுக்கு விவரமாக எழுதினால் புரியாது என்று நினைத்து மேலோட்டமாக எழுத வேண்டாம். அடுத்த முறை உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு டூ-இன்-ஒன் கணினியைப் பற்றி எழுதும்போது இவற்றையும் சேருங்கள்: கிராமில் அதன் எடை, திரையின் நீள அகலம் சென்டிமீட்டரில், பிரகாசம் எத்தனை நிட், எந்த முறைப் பேனா, அது பெட்டியில் வருகிறதா, ரேமைக் கூட்ட முடியுமா, திரையை மாற்ற இங்குள்ள சர்வீஸ் சென்டர் எவ்வளவு கேட்கிறது, கீலுக்கு உத்தரவாதம் உண்டா என்று நிறுவனம் எழுத்தில் தரும் பதில். கடைசி இரண்டையும் வாசகர் கேட்டால் பதில் வராது, பத்திரிகை கேட்டால் வரும்.

இப்படிக்கு,
கணக்கெழுதும் வாசகி,
குளுகோர், பினாங்கு